அப்பா டைப் அடித்த ஆய்வேடு

சத்தம் நின்றதைத்தான் முதலில் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கெர்பாவ் ரோட்டு மாடி வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அப்பா என் ஆய்வேட்டை டைப் அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் டைப் சத்தம் தகர ஓட்டில் விழும் மழை போல ஒரே சீராக இருக்கும். வரி முடியும்போது ஒரு மணி அடிக்கும். பக்கம் முடிந்தால் காகிதத்தை உருவும் கரகரப்பு கேட்கும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று வரியின் நடுவில் நின்றுவிட்டது. மணியும் இல்லை, கரகரப்பும் இல்லை. கீழே மாவு மில் ஓடுவது மட்டும் கேட்டது.

“என்னாடி, உங்கப்பா தூங்கிட்டாரா?” என்றாள் அம்மா.

எட்டிப் பார்த்தேன். தூங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான் கையால் எழுதிக்கொடுத்திருந்த பக்கத்தை முகத்துக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்துவிட்டு எழுந்தார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தேன்.

அரசியல் படிக்கிற பெண்

சென்ற வாரம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “அம்மையார் அங்கே மீ கோரெங் சாப்பிட்டதைத் தவிர ஏதாவது படித்தீர்களா?” என்று கேட்கிறார். படித்தேன் ஐயா. பொலிட்டிகல் சயன்ஸ் படித்தேன். அதில் நான் செய்த காரியத்தை இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளில் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பெண் பல்கலைக்கழகம் போவதே பேச்சாக இருந்தது. ஆசிரியை ஆவாள் என்றால் புரிந்துகொண்டிருப்பார்கள். அரசியல் படிக்கிறாள் என்றதும் ஆளுக்கொரு கற்பனை செய்தார்கள். பூக்கடைக்காரர் என்னைப் பார்த்தால், “என்னா தங்கச்சி, எப்ப மேடையேறப் போறீங்க?” என்பார். அம்மாவின் கவலை வேறு. “அரசியல் படிச்ச பொண்ணை எவன் கட்டுவான்? வீட்டுக்குள்ளயும் ஓட்டுக் கேப்பாளோன்னு பயப்படுவான்” என்று புலம்புவாள்.

அப்பாவுக்கு மட்டும் கவலையே இல்லை, பெருமைதான். அப்பா துறைமுகத்தில் கிராணி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது; குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் இருபது வருடமாக வேலை பார்த்தார். அந்தக் காண்ட்ராக்டரை, முதலாளி என்ற அர்த்தத்தில், எல்லோரும் தவுக்கே என்றுதான் சொல்வார்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இரண்டு வேலை. பகலில் ஆபீஸில் உட்கார்ந்து கப்பல் சரக்குப் பட்டியலை டைப் அடிப்பது. அதற்கு முன்னால், விடிந்ததும் துறைமுகக் கேட்டுக்கு வெளியே நின்று பேர் கூப்பிடுவது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் கூடி நிற்பார்கள். அப்பா நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களைச் சொல்லுவார். கூப்பிட்டவர் உள்ளே போகலாம். கூப்பிடாதவர் திரும்ப நடக்க வேண்டியதுதான். ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

இதைச் சின்ன வயதிலிருந்தே நான் அறிவேன். அப்பா காலையில் பேர் கூப்பிடப் போவார் என்பது, அடுத்த வீட்டுக்காரர் பால் கறக்கப் போவார் என்பது போலத்தான் எனக்கு இருந்தது.

முகத்தைச் சுளிக்காதே, தலையை ஆட்டாதே

கடைசி வருடம் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும். நான்கு வருடம் கிரேக்கர்கள் என்ன சொன்னார்கள், ஆங்கிலேயர்கள் என்ன சொன்னார்கள் என்று படித்துச் சலித்திருந்த எனக்கு, நம் ஊர் மனிதர்களைப் பற்றி எழுத ஆசை. அதற்கு ஓரிரண்டு வருடம் முன்னால்தான் ஒரு பொதுத் தேர்தல் முடிந்திருந்தது. குடியுரிமை வாங்கியிருந்த துறைமுகத் தொழிலாளர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். யாருக்குப் போடுவது என்று அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்? இதுதான் என் கேள்வி.

எங்கள் விரிவுரையாளர் ஒரு வெள்ளைக்காரர். பல்கலைக்கழகம் இருந்த புக்கிட் தீமா வெயிலில் கழுத்து நிரந்தரமாகச் சிவந்துபோனவர். நல்ல மனிதர், கற்றுக்கொடுப்பதில் கெட்டிக்காரர். பேட்டி எடுப்பதற்கு அவர் சில விதிகள் சொன்னார். பதிலைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதே. தலையை ஆட்டாதே. வாதாடாதே. பெயரை எழுதாதே, எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. நீ யாருமில்லாத ஆள் போல அவர்கள் முன்னால் உட்கார வேண்டும் என்றார்.

நான் போனது தஞ்சோங் பகாரில் இருந்த தொழிலாளர் லயத்துக்கு. நீளமான இரண்டு மாடிக் கட்டடம். கீழே பொதுக் குழாய், மாடி முழுக்கக் கொடியில் காயும் சாரங்கள், எங்கே திரும்பினாலும் கருவாட்டு வாசனை. இப்போது அந்தப் பக்கம் சுரங்க ரயிலில் போகிறேன். மேலே வந்தால் எல்லாம் கண்ணாடிக் கட்டடம், எது எங்கே இருந்தது என்று எனக்கே குழப்பம்.

முதல் நாள் என்னை அழைத்துக்கொண்டு போனவர் அப்பா.

எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. யாருமில்லாத ஆளாக உட்கார வேண்டியவள், கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். “இது என் பொண்ணு புஷ்பா. யூனிவர்சிட்டியில படிக்குது. கேக்கிறதுக்கு எல்லாரும் பதில் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். உடனே ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்தார். ஒருவர் ஓடிப்போய்க் கலர் பாட்டில் வாங்கிவந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். நம் ஜனங்கள் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகளை நான் மேடைத்தமிழில் எழுதிவைத்திருந்தேன். “தாங்கள் வாக்களிக்கத் தீர்மானித்தபோது எவருடைய ஆலோசனையைப் பெற்றீர்கள்?” என்று ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் கையைக் கூப்பிவிட்டார். “பாப்பா, இது கோவில்ல ஐயர் சொல்ற மாதிரி இருக்கு. சாதாரணமா கேளுங்க லா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாதாரணமாகவே கேட்டேன். எப்படி முடிவு பண்ணீங்க? யாராவது சொன்னாங்களா?

“யாரும் சொல்லலை. நானாத்தான் முடிவு பண்ணேன்.”

ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள். ஆறு வாரம் போய்வந்தேன். முப்பத்தேழு பேர். முப்பத்தேழு பேரும் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

விரிவுரையாளரிடம் கணக்கெடுப்பைக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். தமிழ்த் தொழிலாளர்கள் மேலே இருப்பவர் சொல்கிறபடிதான் ஓட்டுப் போடுவார்கள் என்று எத்தனையோ பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், உன் ஆய்வு அதைப் புரட்டிப் போடுகிறது என்றார். உன்னை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்ப நான் எழுதுகிறேன் என்றும் சொன்னார். அன்று பஸ்ஸில் உட்காராமலே வீடு வரை நின்றுகொண்டு வந்தேன். அவ்வளவு குஷி.

பேப்பர் வாசிப்பவர்

முப்பத்தெட்டாவதாகத்தான் அய்யாக்கண்ணுவைப் பார்த்தேன்.

முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ஆறாவது வரை தமிழ் படித்தவர். லயத்தில் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையை உரக்க வாசிப்பார். இருபது முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வாசிக்கும்போதே நடுவில் நக்கலாக ஏதாவது சேர்த்துவிடுவார். அமைச்சர் பேச்சோ, கருவாட்டு விலையோ, எதுவும் தப்பாது.

அவருக்குச் சுத்தமாக என்னைப் பிடிக்கவில்லை. பேச்சை வளர்க்க வேண்டாம் என்று மனைவி தைலம்மை தடுத்தும் கேட்கவில்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“எத்தனை பேரைக் கேட்டீங்க?”

“முப்பத்தேழு பேர்ண்ணே.”

“எல்லாரும் நானாத்தான் முடிவு பண்ணேன்னு சொல்லியிருப்பாங்களே?”

தலையை ஆட்டக் கூடாது என்பது விதி. ஆட்டிவிட்டேன்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. அவங்க பதில் சொன்னது உங்களுக்கு இல்லை, உங்க அப்பாவுக்கு. ஓட்டுக்கு முந்தின நாள் காலையில கேட்டுல பேர் கூப்பிட்டு முடிச்சதும் கிராணி ஐயா என்னா சொன்னாரு தெரியுமா? ‘நாளைக்கு மறக்காம ஓட்டுப் போடுங்க. இன்னார் நல்ல மனுஷன், நம்ம தவுக்கேக்கும் வேண்டியவர்.’ அவ்வளவுதான் சொன்னாரு. மறுநாள் நாங்க எல்லாரும் போய் அந்த நல்ல மனுஷனுக்குப் போட்டுட்டு வந்தோம்.”

“ஓட்டு ரகசியம்ண்ணே. யாருக்குப் போட்டீங்கன்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. ஆனா தெரிஞ்சா? புள்ளகுட்டிக்காரன் அதை யோசிப்பானா மாட்டானா?” குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். “பேர் எழுத மாட்டேன்னு சொன்னீங்கல்ல? அப்ப எழுதிக்கங்க. கிராணி சொன்னாரு, போட்டேன்.”

தைலம்மை என் காதுபடவே, “உங்களுக்கு வாயி சும்மா இருக்காதா?” என்றாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். என் முப்பத்தேழு பதிலும் கையில் இருந்தன. ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்துவிட்டது. கேட்டவள் யார் என்பதற்குத்தான் அவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் அந்தத் தாள்களைத் தொடவில்லை. பிறகு உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். முப்பத்தேழு பேர் இப்படிச் சொன்னார்கள், முப்பத்தெட்டாமவர் அதன் காரணத்தைச் சொன்னார் என்று இரண்டு பக்கம். பேட்டி எடுத்தவள் யார் மகள் என்பதையும் எழுதினேன். எழுதியதிலேயே உருப்படியான இரண்டு பக்கம் அதுதான். விரிவுரையாளருக்கு இன்னும் காட்டவில்லை. காட்டப் பயமாக இருந்தது.

அய்யாக்கண்ணு பெயரை எழுதவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படிப்பட்ட பக்கத்தை அப்பாவிடமா டைப் அடிக்கக் கொடுப்பாய் என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்தேன். ஆய்வேடு முழுவதையும் தானே அடித்துத் தருவதாக ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார். அதற்காக ஆபீஸ் மெஷினை இரவல் வாங்கி ட்ரைஷாவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இன்னொன்றும் உண்டு. டைப் அடிக்கிற கிராணிகளுக்கு ஒரு கர்வம் இருக்கும், அப்பாவுக்கும் இருந்தது. “நான் எழுத்தைத்தான் பாப்பேன், அர்த்தத்தைப் பாக்க மாட்டேன். அர்த்தம் பாத்தா வேகம் போயிடும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன்

டைப் சத்தம் நின்ற அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வியாழக்கிழமை, நன்றி சொல்லலாம் என்று ஒரு டின் பிஸ்கட்டோடு லயத்துக்குப் போனேன். காலை பத்து மணி. ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அய்யாக்கண்ணு அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“உடம்பு சரியில்லையாண்ணே?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தைலம்மைதான் சொன்னாள். “நாலு நாளா பேர் கூப்பிடலை. வின்ச்சுக்கு ஆள் பத்தாம வேற யாரையோ வெச்சு ஓட்டறாங்களாம். இவரை மட்டும் கூப்பிடலை. பதினஞ்சு நாள் வேலை இல்லேன்னா ரூமை விட்டுடணும், அதான் இங்க சட்டம். நாங்க எங்க போவோம்? தோட்டத்தையும் துண்டு போட்டு வித்துட்டாங்க.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. பிஸ்கட் டின்னை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ‘வைத்துவிட்டு வந்தேன்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். ஓடி வந்தேன் என்பதுதான் சரி.

சாயந்திரம் அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

“அய்யாக்கண்ணு பேரை ஏம்ப்பா கூப்பிடலை?”

“எந்த அய்யாக்கண்ணு?”

“அப்பா.”

“கப்பல் இல்லைம்மா. வேலை கொறைச்சல்.”

“நாலு கப்பல் காத்துக்கிட்டு நிக்குதுன்னு நேத்து அம்மாகிட்ட சொன்னீங்க.”

அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார். வெகு நேரம் அதன் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“நான் அவர் பேரை எழுதலையேப்பா” என்றேன்.

“பேரை எழுதலை. ஆளையே எழுதியிருக்கே. வின்ச் ஓட்டறான், தோட்டத்துலேர்ந்து வந்தவன், சாயந்திரம் பேப்பர் வாசிக்கிறான். லயத்துல எத்தனை பேரு அப்படி இருக்கான்? ஒருத்தன்.”

“அர்த்தம் பாக்காம அடிப்பேன்னு சொல்வீங்களே.”

“நான் இருக்கிற பக்கத்தை எப்படிம்மா பாக்காம அடிக்கிறது?”

அப்பாவின் குரல் உடைந்திருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இதைக் கொண்டுபோய் லைப்ரரியில வெப்பாங்க. நாளைக்கு ஒருத்தன் எடுத்துப் படிச்சுட்டு தவுக்கேகிட்ட சொன்னா என் வேலை போச்சு. இல்லே, மேலிடத்துல கூப்பிட்டு விசாரிச்சா? காலம் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாதா? யாரையும் நான் மிரட்டலை. நல்ல மனுஷன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பா?”

“காலையில பேர் கூப்பிடறவர் நீங்க. நீங்க தனியா மிரட்ட வேண்டியதில்லை” என்றேன்.

அம்மா இரண்டு தட்டைத் தரையில் ஓசையோடு வைத்தாள். “ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடுங்க” என்றாள். யாரும் சாப்பிடவில்லை.

அப்பாவை மோசமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். பயந்துவிட்டார். பயந்த மனிதர் கையில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது.

நான் செய்த பேரம்

டைப் அடித்த பக்கங்களையெல்லாம் எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அய்யாக்கண்ணு பேரைக் கூப்பிடும்வரை ஆய்வேட்டைக் கொடுக்கப் போவதில்லை என்றேன். கொடுக்கவில்லை என்றால் பட்டம் இல்லை. என் பட்டம் அப்பாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தேன். நான்கு வருடம் வகுப்பில் அதிகாரம் அதிகாரம் என்று எழுதியதை விட அந்த ஒரு சாவியில் அதிகம் புரிந்தது.

சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அப்பா சொன்னார்.

“அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடு. திங்கக்கிழமை அவன் பேரைக் கூப்பிடறேன். வேற பக்கம் நானே அடிச்சுத் தரேன்.”

பஸ் ஏறி புக்கிட் தீமா போனேன். விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவு திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, “சுதந்திர வாக்காளர்கள் எப்படி இருக்கிறார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வேறு வழி இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இருந்தது. அந்த இரண்டு பக்கத்தோடு சேர்த்து மீதி அறுபது பக்கத்தையும் கிழித்துப் போட்டிருக்கலாம். பட்டம் போயிருக்கும், பொய் மிஞ்சியிருக்காது. அந்த யோசனை எனக்கு அன்றைக்கே வந்தது. நான் செய்யவில்லை. இரண்டு பக்கத்தை எடுத்தால் அவருக்கு வேலை கிடைக்கும். எனக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். நியாயம் என்று நான் சொல்லிக்கொண்டதில் என் லாபமும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை அப்பா பேரைக் கூப்பிட்டார். அய்யாக்கண்ணு உள்ளே போனார். அறை தப்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. வெளிநாட்டுப் படிப்புக்கு விரிவுரையாளர் எழுதியும் கொடுத்தார். நான் போகவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பிக்கப் போனேன், முப்பது வருடம் அங்கேயே ஓடிவிட்டது. அப்பாவும் நானும் அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பல காலம் ஆகிவிட்டது. இப்போது தெம்பனிஸ் வீட்டில் இந்த மேசையில் உட்கார்ந்து எழுதும்போதுதான் முதல் தடவையாக இதைச் சொல்கிறேன். அந்த ஆய்வேடு நூலகத்தில் இருந்தால், யாராவது எடுத்துப் படித்தால், அதன் முடிவுரையை நம்ப வேண்டாம்.

ஒன்பதாம் எண் அறை

அந்தச் சனிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது. அன்று நான் மறுபடி லயத்துக்குப் போனேன்.

ஒன்பதாம் எண் அறையில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த சாமி படம் இறங்கியிருந்தது. தைலம்மை குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அய்யாக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்பா சொன்னதைச் சொன்னேன். “நீங்க சொன்னதை எடுத்துட்டா நாளைக்குப் பேர் கூப்பிடுவாராம். நீங்க வேண்டாம்னா நான் எடுக்க மாட்டேன். முடிவு உங்களுதுண்ணே.”

சொல்லி முடிக்கும்போதே கூசியது. என்னால் முடிவெடுக்க முடியாததை அவர் தலையில் வைத்தேன். அதையும் மரியாதை போலச் சொன்னேன்.

“என்கிட்டயா கேக்கிறீங்க?” என்றார். கட்டிவைத்த சாக்கைக் காட்டினார்.

“கேள்வித்தாள் இருக்கா?”

இருந்தது. பையில் எப்போதும் நாலைந்து தாள் கிடக்கும்.

“எடுங்க. மொதல்லேர்ந்து கேளுங்க.”

“வேண்டாம்ண்ணே. நானே எழுதிக்கிறேன்.”

“இல்லை தங்கச்சி. நீங்களா எழுதினா பொய்யாயிடும். கேளுங்க, நான் சொல்றேன்.”

எழுந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, வயது, பிறந்த இடம், எத்தனை வருட வேலை என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். தைலம்மை குழந்தையின் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“போன தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? யாராவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை. நானாத்தான் முடிவு பண்ணேன்.”

நான் தலையை ஆட்டவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. எழுதினேன். ஒரு சொல்லின் மேல் மை கொட்டிவிட்டது. அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி எழுதினேன்.

கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், வரி வரியாக, வாய்க்குள்ளேயே படித்தார். ஒரு எழுத்தும் விடவில்லை.

“சரியா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார்.